சின்னவள் தராசில் ஏறுகிறாள்

ஜன்னல் வெயில் எடை பார்க்கும் மேசைமேல் சாய்ந்து விழுகிறது. இரட்டையரில் மூத்தவள் தராசில் ஏறி இறங்கி, அப்பாவின் தோளில் தூங்கிப்போய்விட்டாள். சின்னவளை மட்டும் அம்மா நெஞ்சைவிட்டு இறக்காமல் நிற்கிறாள். போன முறை எடை ஏறவில்லை. இந்த முறையும் ஏறாவிட்டால் மறுபடி ஆஸ்பத்திரியில் சேர்த்தாக வேண்டும் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். "குடுங்கம்மா, கடிச்சா தின்னுடப் போறேன்?" என்று நர்ஸ் சிரித்தபடி கை நீட்டுகிறாள். துணி கழற்றிய உடம்பு சில்லென்ற தட்டில் பட்டதும் சின்னவள் அறை அதிர வீறிடுகிறாள். உதைக்க உதைக்க எண்கள் தாவுகின்றன. நர்ஸ் இரண்டு பாதங்களையும் ஒரு கைக்குள் அடக்கிக்கொள்ள, எண்கள் நிற்கின்றன. அம்மா கண்களை இறுக மூடிக்கொள்கிறாள். "அட! ரெண்டரைக் கிலோவத் தாண்டிட்டா!" அடுத்து நீளம் அளக்க நாடா வருகிறது. காலை நீட்டிப் பிடித்தால் முழங்கால் வெடுக்கென்று மடங்கிக்கொள்கிறது. "என்னா அடம்!" என்கிறாள் நர்ஸ். "அப்படியே அவங்கம்மா," என்கிறார் அப்பா. அம்மாவின் முகமெல்லாம் சிரிப்பு. கன்னத்தில் வழிவதைத் துடைக்கவும் தோன்றவில்லை. "சிஸ்டர், எடையை இன்னொரு தடவை சொல்லுங்களேன்." "ஏம்மா, சந்தேகமா?" "இல்ல சிஸ்டர். கேக்க நல்லா இருக்கு."