எண்ணெய்க் கல்

"கடலுக்கடியில எண்ணெய் தேடுறவங்களுக்குக் கொல்லிமலையில என்னங்க அம்மணி வேலை?"

"கடலுக்கடியில இருக்கிற பாறையோட ஒப்பிட்டுப் பார்க்கத்தான் ஐயா. உங்க காட்டுக் கல்லு ஒண்ணு போதும்," என்றார் ஆராய்ச்சி செய்ய வந்த ஜெனிபர்.

நான் நம்பவில்லை. விட்டால் நான் உழுது பிழைக்கும் காட்டையே பிடுங்கிவிடுவார்கள். வேறிடத்துக் கல் ஒன்றை என் காட்டுக் கல் என்று கொடுத்தனுப்பினேன்.

மறுமாதம் ஜீப்புகளோடு வந்தார்.

"உங்க கல்லுல எண்ணெய்ப் பசை இருக்கு ஐயா! காட்டைத் தோண்டிப் பார்க்கணும்."

"ஐயோ, அது எங்காட்டுக் கல்லே இல்லீங்க!"

ஊரே கூடிவிட்டது. "அப்புறம் எவன் காட்டுல எடுத்த மாமா?" என்று அதட்டினான் பூசாரி செங்கோடன்.

ஊரே விளக்கெண்ணெய் ஊற்றிக் கும்பிடும் கருப்பனார் கற்களில் ஒன்றைத் தூக்கினேன் என்று அவனிடமா சொல்வது?

"எங்காட்டுக் கல்லுதானுங்க அம்மணி. தோண்டிக்குங்க," என்றேன்.