தொண்ணூற்றெட்டு

கைதட்டல் அடங்குவதற்குள் விஜயலக்ஷ்மியின் கண் எதிர்ச் சுவருக்குப் போய்விட்டது.

பாப்பனங்கோடு தொழிற்பேட்டையில் பம்பு உதிரிபாகம் செய்யும் பட்டறை. அதன் தரப்பிரிவில் அவளுக்கு இன்று கடைசி நாள்.

எதிர்ச் சுவரில் கருவிப் பலகை. ஒவ்வொரு கருவிக்கும் ஓர் ஆணி, ஆணிக்கு அடியில் அந்தக் கருவியின் உருவம் சிவப்பு வர்ணத்தில். கருவியை எடுத்தால் சிவப்பு பளிச்சென்று தெரியும்.

பத்தொன்பது வருடமாக அதில் ஓர் உருவத்தின் மேல் மட்டும் எதுவுமே தொங்கியதில்லை. இன்று தொங்குகிறது.

மேலாளர் ஆதர்ஷின் வேலை. சிவப்பை அளவெடுத்து, எவர்சில்வரில் வெட்டி, பாலிஷ் போட்டு, ‘கேஸ்கெட் சுரண்டி’ என்று பெயரும் ஒட்டி, அவள் கையாலேயே மாட்டவைத்தான். அந்தக் காலி ஆணியால் மாதத் தணிக்கையில் தொண்ணூற்றெட்டைத் தாண்டாத பட்டறைக்கு இனி நூறு. பாவம், நல்ல பிள்ளை. முகமெல்லாம் சிரிப்பு.

கூடவே ஒரு பித்தளை நிலவிளக்கும் பொன்னாடையும்.

பத்தொன்பது வருடத்துக்கு முன் சென்னையிலிருந்து ஆட்கள் வந்து இரண்டு நாள் வகுப்பெடுத்தார்கள். ‘தொடர் முன்னேற்றம்’ என்று பேனர் கட்டினார்கள். ஆளுக்கொரு டீ-ஷர்ட்டும் உண்டு. அடுத்த மேலாளர் அதற்கு வேறு பெயர் வைத்தார், அதற்கடுத்தவர் இன்னொன்று. பேனர்கள் மழைக்கு ஸ்கூட்டர் மூடப் பயன்பட்டன. யோசனைப் பெட்டியில் பல்லி முட்டையிட்டது.

அந்த வகுப்போடு வந்த பலகையும் அதே வழியில்தான் போயிருக்க வேண்டியது. மாட்டிய மூன்றாம் வாரமே ஒருவரும் அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

சிவப்பு உருவங்களையெல்லாம் வரைந்தவர் ஃபிட்டர் பால்பாண்டி, சங்கரன்கோவில்காரர். வீட்டில் எது உடைந்தாலும் பட்டறையில் எல்லாரும் அவரிடம்தான் கொண்டுவந்து கொடுப்பார்கள். ஒரு மத்தியானம், மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், தூரிகையை எடுத்துப் பட்டறையிலேயே இல்லாத கருவி ஒன்றை அவர் பலகையில் வரைந்தார். பக்கத்தில் இருந்தது விஜயலக்ஷ்மி மட்டும்.

“எல்லாம் இருந்துட்டா ஒருத்தனும் பாக்க மாட்டான் மேடம். ஒண்ணு இல்லேன்னாத்தான் கண்ணு போவும்.”

கண் போனது. என்ன கருவி, யார் எடுத்தது என்று முதலில் சண்டை, பிறகு அதுவே வேடிக்கையானது. ஷிஃப்ட் மாறும்போது வருகிறவர் போகிறவரிடம் “கிட்டியோ?” என்பார். மலையாளத்தில், கிடைத்ததா என்று. “இல்லா” என்பார் போகிறவர். கேட்கும்போதே இரண்டு பேர் கண்ணும் பலகையை ஒரு சுற்று சுற்றிவரும். வேறு எது காணாமல் போயிருந்தாலும் அப்போதே தெரிந்துவிடும்.

நாலு மேலாளர்கள் மாறினார்கள். பால்பாண்டி ஓய்வுபெற்று ஊருக்குப் போனார், போன ஆடியில் காலமானார். அந்தக் கேள்வி மட்டும் நிற்கவேயில்லை. அதை நினைத்தால் விஜயலக்ஷ்மிக்கு இன்றைக்கும் பெருமைதான்.

இன்று மூன்று மணிச் சங்கு ஊதியாயிற்று. இரண்டு ஷிஃப்டும் ஒன்றாக நின்று லட்டு தின்றார்கள். யாரும் கேட்கவில்லை. எல்லார் கண்ணும் புது எவர்சில்வரின் மேலேயே இருந்தது.

அதற்கு அடுத்த ஆணி காலி.

சக் சாவி. லேத்தில் வேலைத்துண்டைப் பிடிக்கிற சக்கை இறுக்கும் சாவி. அதை உருவாமல் லேத்தை ஓட்டினால் தெறித்து வந்து நெஞ்சில் பாயும்.

பொன்னாடை நழுவ அவள் லேத்தை நோக்கி நடந்தாள். முதல் ஷிஃப்ட்காரன் விழாவுக்கு ஓடிவந்த அவசரத்தில் சாவியை சக்கிலேயே விட்டிருந்தான். இரண்டாம் ஷிஃப்ட் விஜின் கையில் பாதி லட்டோடு சுவிட்சுக்குக் கை நீட்டிக்கொண்டிருந்தான்.

அவன் கையைத் தட்டிவிட்டுச் சாவியை உருவினாள். விஜினின் முகம் வெளுத்தது.

கத்தியிருக்கலாம். கத்தவில்லை. சாவியைக் கொண்டுபோய் அதன் ஆணியில் மாட்டினாள். பால்பாண்டியின் ரகசியத்தைச் சொல்லிவிடலாமா என்றும் தோன்றியது. சொன்னால் நாளைக்கே அதற்கு ஒரு படிவம் அச்சடிப்பார்கள், மூன்றே வாரத்தில் செத்துப்போகும்.

நிலவிளக்கை ஆதர்ஷின் முன்னால் மேசைமேல் திரும்ப வைத்தாள்.

“இதொண்ணும் வேண்டாம் சாரே. அந்தச் சுரண்டியைத் தந்தா மதி, அது போதும்.”

ஆதர்ஷின் முகம் சுருங்கியது. நூறு போகிறதே. ஆனால் போகிற மனுஷி கேட்டு எப்படி இல்லையென்பது? அவனே கழற்றிக் கொடுத்தான். சிவப்பு பழையபடி வெறுமையாகத் தெரிந்தது.

அவள் வாசலைத் தாண்டும்போது, பஸ் கிடைக்காமல் தாமதமாக வந்த இரண்டாம் ஷிஃப்ட் பிரேமா எதிரே ஓடிவந்தாள். நடந்தது எதுவும் தெரியாமல் உள்ளே நுழைந்ததுமே வழக்கம்போலக் கேட்டாள்.

“கிட்டியோ?”

“கிட்டி. உடனே போயும் போச்சு,” என்றது விஜினின் குரல்.

சிரிப்பு எழுந்தது. எல்லாரும் பலகையைப் பார்க்கிறார்கள் என்று விஜயலக்ஷ்மிக்குத் திரும்பாமலேயே தெரிந்தது. கண் நிறைந்துவிட்டது, துடைத்துக்கொண்டு பஸ் ஏறினாள்.

கரமனை வீட்டுக்கு வந்ததும் முகம்கூடக் கழுவாமல் அடுக்களைக்குப் போனாள். அடுப்புக்குப் பக்கத்தில் தோசைத்திருப்பி தொங்கிக்கொண்டிருந்தது. கைப்பிடி ஆடுகிறதென்று பத்தொன்பது வருடத்துக்கு முன் ஒரு மத்தியானம் பால்பாண்டியிடம் கொடுத்து ரிவெட் அடித்து வாங்கியது.

பையிலிருந்து கேஸ்கெட் சுரண்டியை எடுத்து அதன்மேல் வைத்துப் பார்த்தாள்.

ஒரு நூல்கூடப் பிசகவில்லை.