நிருபர் வரிசையில் ஒருவர்

"அந்த ஆள் இன்னிக்கும் வந்து உட்கார்ந்திருக்காரா?" என்று கேட்டார் நகராட்சித் தலைவர்.

கூட்ட அரங்கைக் கதவிடுக்கில் எட்டிப் பார்த்துவிட்டு வந்த செயலர் தலையாட்டினார். "நிருபர்கள் வரிசையில தனியா இருக்கார். மத்த பத்திரிகைங்க ஆள் அனுப்புறதை எப்பவோ நிறுத்திட்டாங்க. இவர் ஒருத்தர்தான் விடாக்கண்டன்."

தலைவருக்கு வியர்த்தது. குடிநீர்க் குழாய் பதிக்கும் வேலையை, குறைந்த விலை கேட்டவரை ஓரங்கட்டிவிட்டுத் தன் மச்சானுக்குக் கொடுக்கும் தீர்மானம் இன்றைக்குத்தான் வருகிறது. கையெழுத்துப் போடப் புதுப் பேனாவே வாங்கிக்கொண்டு மச்சான் வராந்தாவில் காத்திருக்கிறார்.

"ஒரு மாசமா எல்லாக் கூட்டத்துக்கும் வர்றார். ஒரு வரிகூடப் போடலீங்களே. எதுக்குப் பயப்படணும்?"

"அதான்யா பயமே. மொத்தமாச் சேர்த்து வச்சுப் போடப்போறார்."

தலைவர் பத்திரிகை முதலாளிக்குப் போன் போட்டார். "அண்ணே, என் பிறந்தநாளுக்கு முழுப் பக்க விளம்பரம் தர்றேன், ஒரு வாரத்துக்கு. உங்க நிருபரை மட்டும் கொஞ்சம் வேற பக்கம் அனுப்பிவிடுங்க."

"எந்த நிருபர்?"

"அதாண்ணே, எங்க கூட்டத்துக்கு வர்ற கண்ணாடிக்காரர்."

"ஓ, அவரா. பேசிடுறேன். விளம்பரத்தை இன்னிக்கே அனுப்பிடுங்க."

கூட்டம் தொடங்கியது. நிருபர் அசையவில்லை. தூங்குவதற்கென்றே வரும் உறுப்பினர் விழித்துக்கொண்டு, குழாயின் கனம் என்ன என்று கேட்டார். தலைவர் தும்மினாலும் மேசையைத் தட்டுகிற இன்னொருவர், வரிப்பணம் மக்களின் வியர்வை என்றார். சொல்லிவிட்டு, நிருபர் காதில் விழுந்ததா என்று ஒருமுறை திரும்பியும் பார்த்துக்கொண்டார்.

தலைவர் கணக்குப் போட்டார். முதலாளி சொல்லியும் எழுந்து போகவில்லை என்றால், இது ஏதோ பெரிய இடத்து ஏற்பாடு. தொண்டையைச் செருமிக்கொண்டு எழுந்தார்.

"குறைந்த விலை கேட்டவருக்கே வேலை. என் நிர்வாகத்தில் உறவுக்கு இடமில்லை."

அரங்கமே கைதட்டியது. வராந்தாவில் மச்சான் பேனாவை மூடினார்.

விளம்பரம் கைக்கு வந்து சேர்ந்த பிறகே முதலாளி நிருபரைப் போனில் கூப்பிட்டார். அவர் அப்போதுதான் நகராட்சிப் படியில் இறங்கிக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, கட்டுப்படியாகலன்னு போன மாசமே உன்னை வேலையைவிட்டு நிறுத்திட்டேனே. அங்க போய் எதுக்கு உட்கார்ந்திருக்க?"

"வீட்ல இன்னும் சொல்லல சார். காலையில சாப்பாட்டைக் கட்டிக் குடுத்துடறா. எங்கயாவது போய் உட்காரணுமே."

முதலாளி கொஞ்சம் யோசித்தார்.

"சரி, நாளைக்கு மின்வாரியத்துல போய் உட்காரு. அவங்க இப்பல்லாம் விளம்பரமே தர்றதில்ல."