பத்துக்கு ஒரு மூடி

கடையின் ஐஸ் பெட்டிக்குள் பத்து டப்பா கோழிக்கறி இருந்தது. எல்லாம் ஒரே நாளில் வெட்டி அடைத்தது. அதில் ஒன்றுக்கு மட்டும் நிறம் மாறும் பிளாஸ்டிக் மூடி. குளிரில் வெள்ளையாக இருக்கும். சூடு ஏறினால் சிவந்துவிடும், பிறகு வெளுக்காது. மற்ற ஒன்பதுக்கும் எப்போதும் வெள்ளையாகவே இருக்கும் சாதா மூடி. "இது பத்துக்கும் காவல். செவந்தா பத்தையும் தூக்கிப் போட்டுடுங்க" என்று கம்பெனிக்காரர் கடைக்கார அருமைநாயகத்திடம் சொல்லிவிட்டுப் போனதிலிருந்து மூடிக்குத் தலைகால் புரியவில்லை.

ஒருநாள் விடிந்ததிலிருந்து கரண்ட் இல்லை. பெட்டிக்குள் ஐஸ் உருகிச் சொட்டியது.

"செவந்து தொலைக்காதே," என்றது பக்கத்து டப்பா. "எங்களுக்கும்தான் உள்ளே நாறுது. வாயைத் திறந்தோமா?"

"நான் சொன்னாத்தான் பத்து வீடு தப்பிக்கும்" என்ற மூடி, பளிச்சென்று சிவந்தது.

மதியம் கரண்ட் வந்ததும் அருமைநாயகம் பெட்டியைத் திறந்தார். சிவந்த டப்பாவை மட்டும் எடுத்துக் குப்பைக் கூடையில் எறிந்தார். மற்ற ஒன்பதும் மறுபடி உறைந்து கல்லாயின.

சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். "பிள்ளைக்குச் சமைக்கணும்ணே. நல்லதாப் பாத்துக் குடுங்க."

பக்கத்து டப்பாவைத் துடைத்து அவள் கையில் கொடுத்தார் அருமைநாயகம். அவள் தயங்குவதைப் பார்த்ததும், கூடைக்குள் கையை விட்டுச் சிவந்த மூடியைப் பிய்த்து எடுத்துக் காட்டினார்.

"கெட்டிருந்தா இப்படிச் செவந்திருக்கும்மா. உங்க டப்பாவைப் பாருங்க, எவ்வளவு வெள்ளையா இருக்கு!"

அவள் சிரித்தபடி டப்பாவைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். மூடிக்கு அதற்கு மேல் சிவக்கத் தெரியவில்லை.