யாரும் தொடாத புள்ளி

ஆற்று உயிரினங்களைப் பற்றிய ஆராய்ச்சி எந்தப் பக்கம் போகிறது என்று காட்டும் வரைபடம் ஒன்றைக் கோதை தயாரித்துக்கொண்டிருந்தாள். ஒவ்வொரு கட்டுரையும் ஒரு புள்ளி. ஒன்றை இன்னொன்று மேற்கோள் காட்டியிருந்தால் நடுவில் ஒரு கோடு. திரை முழுக்கப் புள்ளிகள் தேனடைபோல் அப்பியிருக்க, ஓரத்தில் ஒன்று மட்டும் தனியாக நின்றது. நன்னீர் நத்தைகளைப் பற்றிய பழைய கட்டுரை அது. "கோடு இல்லாததையெல்லாம் தூக்கிடும்மா, படம் சுத்தமா இருக்கட்டும்," என்றார் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். அவளுக்கு என்னவோ மனம் வரவில்லை. விசாரித்து எண் வாங்கி, கட்டுரையை எழுதிய ஞானசிகாமணியைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் ஓய்வுபெற்று வெகுகாலமாகியிருந்தது. அவள் விஷயத்தைச் சொன்னதும், "அதுல ஒரு தப்பு இருக்கும்மா," என்றார். "அச்சுல வந்தப்புறம்தான் பார்த்தேன். யாராவது கேட்டு எழுதுவாங்க, ஒத்துக்கிட்டுப் பதில் போடலாம்னு இருந்தேன். ஒருத்தரும் கேக்கல. நீங்க கண்டுபிடிச்சீங்களா?" குரலில் அப்படி ஓர் ஆவல். கோதை லட்சக்கணக்கான கட்டுரைகளை எண்ணியிருக்கிறாள். ஒன்றைக்கூட முழுதாகப் படித்ததில்லை. "நான் இன்னும் படிக்கல சார்," என்றாள். "அப்ப நானே சொல்லிடட்டுமா?" "வேண்டாம் சார், சொல்லிடாதீங்க. நானே கண்டுபிடிக்கிறேன்," என்று கட்டுரையைத் திறந்தாள். "அவசரமில்லம்மா," என்றார் அவர். "நிதானமாப் படிங்க. நான் வீட்டுலதான் இருப்பேன்."