மண்ணோடு இரண்டு கிலோ

நானூறு வருஷத்து மாளிகை. ப்ரொவான்ஸ் மலையடிவாரத்தில் இருபத்திரண்டு அறை, ஒரு புறாக் கோபுரம், சின்னதாக ஒரு தேவாலயம், சுற்றிலும் பன்னிரண்டு ஹெக்டேர் ஓக் மரத் தோப்பு. இரும்புக் கதவில் 'விற்பனைக்கு' என்ற பலகை தொங்கி நாலு வருஷமாகிறது. பலகையில் எழுத்து வெளுத்ததுதான் மிச்சம்.

வந்தவர்களெல்லாம் புறாக் கோபுரத்தின் முன் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். கூரை ஒழுகுவதைப் பார்த்ததும், சாப்பாட்டுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்கள்.

வீட்டுக்காரி மதாம் ஒதில் ஷப்ரான். விதவை, அறுபத்தேழு வயது. இருபத்திரண்டு அறையில் சமையலறை ஒன்றில் மட்டும், கம்பளிக் கோட்டைக் கழற்றாமல் குடித்தனம் நடத்தினாள். நீஸ் நகரத்தில் தங்கை வீட்டுக்கு எதிரே, லிஃப்ட் வைத்த ஒரு சின்ன ஃபிளாட். அவ்வளவுதான் அவள் ஆசை. மிஸ்ட்ரல் காற்று ஜன்னலை உலுக்கும் இன்னொரு குளிர்காலத்தை அவளால் தாங்க முடியாது.

ஜனவரியில் ஒரு ஃபோன் வந்தது. லியோன் நகரத்திலிருந்து முசியே தெய்ஸியே என்பவர். வீட்டைப் பற்றி அவர் ஒன்றுமே கேட்கவில்லை. தோப்பில் கறுப்புக் காளான் கிடைக்குமா என்றுதான் கேட்டார். ஓக் மர வேரில், மண்ணுக்குள் உருண்டையாக விளையும் காளான், பழக்கிய நாய்தான் மோப்பம் பிடித்துத் தோண்டி எடுக்கும். கிலோ ஆயிரம் யூரோ. தோப்பில் அது விளைந்தால், ஒழுகும் கூரையை யார் அண்ணாந்து பார்க்கப் போகிறார்கள்?

"கிடைக்காம என்ன முசியே, வேண்டிய மட்டும் கிடைக்குது," என்றாள் ஒதில். அந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த நாற்பது வருஷத்தில் அவள் அங்கே ஒரு காளானையும் கண்ணால் கண்டதில்லை.

அப்படியானால் இரண்டு வாரத்தில் நாயோடு வந்து பார்க்கிறேன் என்றார் அவர். வாய் தவறிச் சொல்லிவிட்டாள். இனி நடத்திக்காட்ட வேண்டுமே. காளான் விளையும் மரத்தடியில் புல் முளைக்காது, வட்டமாகச் சொட்டை விழுந்திருக்கும். ஐந்து மரத்தடியில் கொதிக்கக் கொதிக்க உப்புத் தண்ணீரை ஊற்றினாள். பத்தே நாளில் சொட்டை தயார். மாமியாரின் பன்னிரண்டு வெள்ளிக் கரண்டிதான் வீட்டில் விற்காமல் மிஞ்சியிருந்த கடைசிச் சாமான். அதையும் விற்றுவிட்டுச் சந்தைக்குப் போனாள்.

எதற்கு, ஏன் என்று கேட்காமல் காளான் விற்பவன் அந்த வட்டாரத்தில் ஒபேன் ஒருவன்தான். கார் டிக்கியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றான். விருந்துக்கு என்று சொல்லி இரண்டு கிலோ கேட்டாள் ஒதில். கழுவ வேண்டாம், மண்ணோடு கொடு என்றாள். ஒபேன் அவளை ஒரு பார்வை பார்த்தான், அவ்வளவுதான்.

கைமுட்டி அளவு காளான் ஒன்றில் நீளமாக ஒரு கீறல் இருந்தது. மாற்றித் தரச் சொன்னாள்.

"நாய் நகம் பட்டது மதாம். மண்ணுலேர்ந்து எடுத்த அசல் சரக்குங்கிறதுக்கு அதுதான் அத்தாட்சி," என்றான். பணத்தை வாங்கிக்கொண்டு குரலைத் தாழ்த்தினான். "ஒரு சாண் ஆழம் போதும். கையுறை போட்டுக்குங்க. மனுஷ வாடை பட்டா நாய் குழம்பிடும்."

ஒதிலுக்குக் காது மடல் சிவந்துபோயிற்று. ஆனாலும் மறுநாள் விடிந்ததும் அவன் சொன்னபடியே புதைத்தாள்.

பத்து மணிக்குத் தெய்ஸியே வந்தார். நல்ல கோட்டு, பளபளக்கும் பூட்ஸ், சுருட்டை முடி நாய் ஒன்று. கோபுரத்தைப் பார்க்கவில்லை, தேவாலயத்தைப் பார்க்கவில்லை, நேரே தோப்புக்குப் போனார். முதல் சொட்டையிலேயே நாய் மூக்கை வைத்தது. ஐந்து மரத்தடியையும் நாய் தோண்டி முடித்தபோது அவர் கொண்டுவந்த கூடை நிறைந்திருந்தது.

தெய்ஸியே ஒரு வேரின்மேல் உட்கார்ந்து சாவகாசமாகக் கதை சொன்னார். போன மாதம் வேறொரு வீடு பார்க்கப் போனாராம். அங்கேயும் நாய் காளானாக எடுத்துத் தள்ளியதாம். கடைசியில் வீட்டுக்காரர் ஓடிவந்து கூடையைப் பிடுங்கிக்கொண்டாராம்.

"அப்பவே புரிஞ்சுபோச்சு மதாம். காசு குடுத்து வாங்கிப் புதைச்சவனுக்குத்தான் விட மனசு வராது. நிஜமா விளையுற இடத்துல, போனா போகுதுன்னு விட்டுடுவாங்க." கூடையை அவள் காலடியில் வைத்தார். "இந்தாங்க, உங்க மண்ணுல விளைஞ்சது."

பன்னிரண்டு வெள்ளிக் கரண்டியும் ஒதிலின் கண்முன் வந்துபோயின. பிறகு நீஸ் நகரத்து லிஃப்டை நினைத்துக்கொண்டாள்.

"அட, இதைப் போய் பெரிசா பேசுறீங்களே," என்று சிரித்தாள். "எடுத்துட்டுப் போங்க முசியே. அடுத்த வாரம் தோண்டினா இன்னொரு கூடை."

அவர் மறுத்தார். அவள் விடவில்லை. வீட்டம்மாவுக்கு ஆம்லெட் போட்டுக் கொடுக்கச் சொல்லி, கூடையைத் தானே கொண்டுபோய்க் காரில் வைத்தாள். என் மனைவி இதைப் பார்த்தால் திங்கட்கிழமையே கையெழுத்துதான் என்று அவர் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். கார் போனதும், நாலு வருஷத்தில் முதல் தடவையாக வரவேற்பறைக் கணப்பில் தாராளமாக விறகை அடுக்கினாள் ஒதில். இனிமேல் அது தெய்ஸியே வீட்டு விறகுதானே.

பகல் பன்னிரண்டு மணிக்கு அந்தக் கார் சந்தைத் திடலில், ஒபேனின் காருக்குப் பக்கத்தில் வந்து நின்றது. ஒபேன் கூடையைக் கிளறி, கைமுட்டிக் காளானை எடுத்துத் திருப்பிப் பார்த்து முகம் சுளித்தான்.

"இப்ப ரெண்டு கீறல் ஆயிடுச்சு மச்சான். நாய்க்கு நகத்தை வெட்டுன்னு எத்தனை தடவை சொல்றது? இப்படியே போனா இதை எவன் வாங்குவான்?"

தெய்ஸியே நாயைத் தடவிக்கொடுத்தார்.

ஒபேன் கீறலின்மேல் ஈரமண்ணைப் பூசிக் கூடையின் அடியில் வைத்தான். ஆறு வருஷமாக மாளிகை விலைபோகாத ஒரு பெரியவர் சாயங்காலம் வருவதாகச் சொல்லியிருந்தார், விருந்துக்கு இரண்டு கிலோ வேண்டுமாம், மண்ணோடு.