துறைமுகத்து மீன்

"இறைச்சி வேண்டாம். கிழங்கைத் தின்னுங்கோ."

முதல் கடையில் யோகமலர் சொன்ன விதத்தில் குலேந்திரனுக்குச் சுர்ரென்று ஏறியது.

"கிழங்கு தின்னவோ பிலுண்டில பிளேன் ஏறினனான்? ஏன், டென்மார்க்கில கிழங்குக்குப் பஞ்சமோ?"

"கொலஸ்ரோல் எண்டு டொக்டர் சொன்னவரெல்லே."

"கண்டறியாத கொலஸ்ரோல்! அந்த டொக்டரே இப்ப எந்தத் தீவில பண்டி தின்னுறானோ!"

டென்மார்க்கின் வைலே நகரில் இறைச்சித் தொழிற்சாலைக் குளிருக்குள் நின்றே தேய்ந்த மனிதர். பென்சன் எடுத்த கையோடு மனைவியைக் கூட்டிக்கொண்டு கனாரியத் தீவுக்கு வந்ததே, கடை கடையாய்த் தின்றுபார்க்கும் இந்த நடைக்காகத்தான். வழிகாட்டி கிடையாது. போன் காட்டும் சந்துகளில் தாங்களே நடந்து, தீவுச் சனம் சாப்பிடும் கடைகளில் ஏறி இறங்க வேண்டும். கடைசிக் கடை துறைமுகத்தில். அங்கே சுடுகிற மீனைப்பற்றிக் கூட வேலைசெய்த பிரெபன் சப்புக்கொட்டாத நாளில்லை. அந்த மீனுக்காகவே முழங்கால் நோவை விழுங்கிக்கொண்டு நடந்தார்.

அடுத்த கடையில் பொரித்த கணவாய் மணத்தது.

"எண்ணெய் பழசு."

யோகமலர் சொன்னது அவ்வளவுதான். வறுத்த மாவில் பிடித்த உருண்டையையும் இரண்டு வாழைப்பழத்தையும் வாங்கி நீட்டினாள்.

"என்னைக் குரங்கெண்டு நினைச்சியோ?"

வேறு நாளென்றால் சிரித்திருப்பாள். இன்று காலையிலிருந்தே முகம் வாடிக்கிடந்தது.

ஏற்றத்தில் மூச்சு வாங்கியது. குலேந்திரன் ஒரு மதிலில் குந்தினார். கீழே கடல்.

"யாழ்ப்பாணத்துக்கு ஒருக்கால் வீடியோ கோல் எடு. என்ர அண்ணையும் இந்தக் கடலைப் பார்க்கட்டும்."

"சிக்னல் இல்லை."

"வழி காட்ட மட்டும் சிக்னல் இருக்கோ? என்ர போனையும் ஹொட்டேலில விட்டிட்டு வரச் சொல்லிப்போட்டாய்."

அவள் முன்னால் நடந்தாள். இவர் நொண்டிக்கொண்டு பின்னால்.

துறைமுகத்துக் கடையில், அவள் வாய் திறக்க முந்தியே மீனுக்குச் சொல்லிவிட்டார். முழு மீன், தோல் கருகி, மேலே எலுமிச்சைத் துண்டு. ஆசையோடு பிய்த்தார். வாய்க்குக் கிட்டப் போகையில் யோகமலர் கையைத் தட்டிவிட்டாள். தட்டைத் தூக்கிப் பக்கத்து மேசையில் இருந்த டேனிஷ் சோடிக்கு முன்னால் வைத்துவிட்டு வந்தாள்.

கடையே திரும்பிப் பார்த்தது.

"நீயும் ஒரு மனுசியோ? சீவியம் முழுக்க மாடாய் உழைச்சவன் ஆசைப்பட்டது ஒரேயொரு மீன்! அதுகூட என்ர வாய்க்குள்ள போனால் உனக்குப் பொறுக்காதோ?"

"பாவம் அந்த மனுசன்," என்று பக்கத்து மேசைப் பெண் டேனிஷில் முணுமுணுத்தாள். அது யோகமலருக்கும் விளங்கியது.

அவள் கடுதாசித் துண்டொன்றை எடுத்து, கணவனின் விரல்களைப் பிடித்து ஒவ்வொன்றாகத் துடைத்தாள்.

"எங்கட பிளேன் நாளையிண்டைக்குத்தானே. அதுவரைக்கும் நீங்கள் நிம்மதியா நடக்கட்டும் எண்டுதான் பொத்தி வைச்சனான்."

"என்னத்தை?"

"உங்கட அண்ணை விடியப்புறம் கண்ணை மூடிட்டாராம். அவர் செத்த அண்டைக்கு மீன் திண்டிட்டனே எண்டு, நாளைக்கு நீங்கள் தலையில அடிச்சு அழக்கூடாது."